ஒன்பதாம் மாடியில் சீமைக்கீரிகள்

சத்தி ரோட்டில் இருப்பதாக விளம்பரத்தில் சொல்லிக்கொண்டு, சத்தி ரோட்டிலிருந்து இரண்டு சந்து உள்ளே தள்ளி நிற்கிற விண்முகடு ரெசிடென்சி என்ற ஐந்து மாடிக் கட்டடத்தில், ஐந்தாவது மாடியில், தமயந்தியின் வீட்டுப் பால்கனியில், ஜிலேபி என்ற சீமைக்கீரி ஐந்து குட்டி போட்டதும், அந்தக் குட்டிகளுக்குக் கண் திறப்பதற்கு முன்னால் மேலே ஏறும் ஆசை வந்துவிட்டதும்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

சீமைக்கீரி என்பது வாட்ச்மேன் வைத்த பெயர். விற்ற கடைக்காரன் ஃபெர்ரெட் என்றுதான் சொல்லியிருந்தான். பழைய காலுறைக்குள் உயிர் புகுந்து மூக்கும் மீசையும் முளைத்தது போல இருக்கும், புளித்த தயிர் வாசம் அடிக்கும், நாளில் முக்கால்வாசி நேரம் தூங்கும். மகள் நறுமுகை ஆசைப்பட்டு வாங்கி, கூடவே மூன்று தட்டும் தட்டுக்குத் தட்டு ஏறச் சாய்பலகையும் வைத்த உயரமான கம்பிக் கூண்டு ஒன்றும் வாங்கி, டப்ளினில் வேலை கிடைத்ததும் இரண்டையும் அம்மாவிடம் விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டாள். ஜிலேபி வயிற்றுப் பிள்ளைக்காரி என்பதை அவளும் சொல்லவில்லை, ஜிலேபியும் சொல்லவில்லை.

தமயந்தி அந்தக் கட்டடத்துப் பெண்களுக்கெல்லாம் சேலைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடித்துக் கொடுப்பவள். காஸ் சிலிண்டரை மூடிவிட்டு மறுபடியும் போய்த் தொட்டுப் பார்க்கிற ரகம். குட்டிகள் கூண்டுக் கம்பியைப் பிடித்து மேலே ஏறப் பார்ப்பதைக் கண்டதும் ஒன்றைத் துண்டில் சுருட்டி எடுத்துக்கொண்டு, கால்நடை மருத்துவர் ஹெப்சிபாவிடம் ஓடினாள்.

"மாடி வச்ச கூண்டு குட்டிகளுக்கு ஆகவே ஆகாதுங்க" என்றார் டாக்டர். "இதுகளுக்கு ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது. எலும்பு இன்னும் பிஞ்சு. தட்டையெல்லாம் கழட்டிருங்க, சாய்பலகையை எடுத்துருங்க. வழவழன்னு சுவர் இருக்கற தாழ்வான பெட்டியில, ஒரே தளத்துல விடுங்க. அதையும் மீறி எங்கயாவது ஏறுச்சுன்னா, விழற இடத்துல தூளி மாதிரி துணி கட்டி வைங்க."

"கண்ணு திறந்துட்டா சரியாயிடுமுங்களா?"

"அப்பத்தான் இன்னும் பாத்துக்கணும். கண்ணு திறந்தா எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்க்கற குட்டிதான் விழும்."

தமயந்தி சொன்னபடி செய்தாள். தட்டுகளைக் கழற்றினாள், சாய்பலகையை எடுத்தாள், கூண்டையே பரணில் தூக்கிப் போட்டாள், போர்வை விரித்த அகலமான பிளாஸ்டிக் பெட்டியில் தாயையும் பிள்ளைகளையும் குடிவைத்தாள். மறுநாள் காலையில் இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பால்கனிக்கு வந்து பார்த்தபோது, ஐந்து குட்டிகளும், அவள் கழற்றிய தட்டுகள் கழற்றிய இடத்திலேயே இருப்பது போல முதல் தட்டில் காலூன்றி, எடுத்துவிட்ட சாய்பலகையில் வரிசையாக நடந்து, பரணில் கிடக்கிற கூண்டின் கம்பியைக் காற்றில் பிடித்து, அவள் கைக்கு எட்டாத உயரத்தில், பால்கனிக் கைப்பிடியைத் தாண்டி, வெளியே வெறும் ஆகாயத்தில் மேலே போய்க்கொண்டிருந்தன. கண்கள் மாவு வைத்து ஒட்டியது போல மூடியிருந்தன. கீழே ஜிலேபி ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டாள்.

"ஏனுங்க, இங்க வாங்க, குட்டிகள் மேல போகுதுங்க!"

அவள் புருஷன் வெள்ளியங்கிரி சவரம் பாதியில் நிற்க வந்து பார்த்தான். பம்ப்செட் கம்பெனியில் சூபர்வைசராகச் சேர்ந்து, தான் வேலை சொல்லிக் கொடுத்தவர்களெல்லாம் மேனேஜராகித் தன்னைக் கூப்பிட்டு வேலை சொல்கிற காலம் வரை சூபர்வைசராகவே இருப்பவன். தமயந்தியின் அண்ணன் அவினாசி ரோட்டில் பன்னிரண்டாவது மாடியில் குடியிருந்தார். பார்க்கும்போதெல்லாம் "எங்க வீட்டுல ஃபேனே போடறதில்ல மாப்ள, அப்படி ஒரு காத்து" என்பார். அந்தக் காற்று வெள்ளியங்கிரியின் நெஞ்சுக்குள் வருஷக்கணக்காக அடித்துக்கொண்டிருந்தது.

"மேலதானே போகுது" என்றான் அவன், நுரையைத் துடைத்தபடி. "கீழ போனாத்தான் வருத்தப்படணும்."

குட்டிகள் மொட்டை மாடியையும் தண்ணீர்த் தொட்டியையும் தாண்டிப் போய், சோனியான ஒன்று மட்டும் தொட்டிக்குச் சற்று மேலேயே சோம்பிப் படுத்துக்கொள்ள, மற்ற நாலும் இன்னும் மூன்று மாடி உயரம் ஏறி, பாய் விரித்தது போலச் சமமான ஓரிடம் கண்டு, ஒன்றன் மேல் ஒன்று தலைவைத்துத் தூங்கின. தமயந்தி ஒட்டடைக் கம்பின் நுனியில் கிண்ணம் கட்டிக் கூழாக்கிய கோழிக்கறியைச் சோனிக்கு நீட்டினாள். மற்றவற்றுக்கு மூன்று கம்பை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி நீட்டினாள். அவை கண்ணைத் திறக்காமலே முகர்ந்து நக்கிச் சாப்பிட்டன.

முதலில் வந்தது குடியிருப்போர் சங்கத் தலைவர் சுந்தரவடிவேல். ஓய்வுபெற்ற தாசில்தார். எது நடந்தாலும் அது எந்தச் சர்வே எண்ணில் நடக்கிறது என்று முதலில் கேட்பவர்.

"ஏனுங் அம்மணி, அது உங்க வீட்டுக்கு மேல் ஆகாயமா, பொது ஆகாயமா?"

"தெரியலீங்களே."

"மொட்டை மாடிக்கு மேல இருக்கறது பொது. பொது இடத்துல வளர்ப்புப் பிராணியைக் கயிறு இல்லாம விடக் கூடாதுன்னு சட்டம் இருக்குதுங்க."

அன்று சாயங்காலமே லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டப்பட்டது: பொது ஆகாயத்தில் பிராணிகளை அவிழ்த்துவிடுதல் தடைசெய்யப்பட்டுள்ளது. ஒரு பிராணி எப்படி ஆகாயத்தில் இருக்க முடியும் என்று அந்தக் கட்டடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கயிறு கட்டலாமா கூடாதா என்பதில்தான் இரண்டு கட்சி ஆனார்கள். நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளைத் தாய்மார்கள் மொட்டை மாடிக்கு இழுத்துவந்து நிறுத்தி, "பாருடா, இன்னும் கண்ணே திறக்கல, அதுக்குள்ள எந்த உசரத்துல இருக்குது! உனக்கு ரெண்டு கண்ணு, அதுக்கு மேல கண்ணாடி வேற" என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். காலை நடைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்துக் கழுத்துவலி போய்விட்டது என்றார்கள். ஒரு வாரம் போனதும் பார்ப்பதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். குட்டிகளின் நிழல் விழுகிற இடத்தைத் தள்ளி வடகம் காயவைத்தார்கள், அவ்வளவுதான்.

அப்போதுதான் கட்டடம் கட்டிய விண்முகடு ப்ரொமோட்டர்ஸ் கேசவமூர்த்தி வந்தார். ஒழுகுகிற சுவரைக் காட்டக் கூப்பிட்டால் வராத மனிதர், யாரும் கூப்பிடாமலே வெள்ளைச் சட்டையும் சந்தனமுமாக வந்து, மொட்டை மாடியில் நின்று நிமிர்ந்து, நெற்றியில் கைவைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அதுக படுத்திருக்கறது எத்தனாவது மாடி உயரமுங்க?"

"ஒம்பது இருக்கும்" என்றார் சுந்தரவடிவேல்.

"சரிசமமாத்தான் படுத்திருக்குது?"

"சாய்மானமே இல்லீங்க."

கேசவமூர்த்தி கைகூப்பினார். "தரை இல்லாத எடத்துல ஒரு உசுரு படுக்குமுங்களா? ஒம்பதாவது மாடியில தரை இருக்குது. ஒம்பதுல தரை இருந்தா, எட்டு, ஏழு, ஆறு இல்லாம அது எது மேல நிக்கும்? எல்லாம் இருக்குது. நாமதான் கவனிக்காம விட்டுட்டோம்."

இந்த வாதத்தில் கட்டடத்தில் ஒருவராலும் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. மறுவாரம் சத்தி ரோட்டு முனையில் பெரிய பலகை எழுந்தது. நீல ஆகாயத்தில் நாலு சீமைக்கீரிகள் தூங்க, கீழே கொட்டை எழுத்தில் "கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்" என்று இருந்தது. கடன் கொடுக்க வந்த அதிகாரி மேலே பார்த்து, தளம் உறுதியாக உள்ளது, ஏற்கெனவே உயிர்கள் குடியிருக்கின்றன என்று எழுதிக்கொண்டு போனார். லிஃப்ட் அங்கே போகாது, படி கிடையாது. ஆனால் சுவரில் ஓதம் கிடையாது, மேல்வீட்டுக்காரன் உரல் இடிக்கிற சத்தம் கிடையாது, கொசு அந்த உயரத்துக்கு வராது. ஆறிலிருந்து ஒன்பது வரை எல்லா வீடும் போயிற்று. வாங்கியவர்களில் பாதிப்பேர் அதே கட்டடத்துக்காரர்கள். சுந்தரவடிவேல் எட்டு-ஏ வாங்கினார். வீடு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வீட்டோடு வருகிற கார் நிறுத்துமிடம் கண்ணுக்குத் தெரிந்ததால், அதற்கு மட்டும் தினமும் அடிதடி நடந்தது.

குட்டிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகக் கம்பெனி பெயர் எழுதிய ட்ரோன் ஒன்றைக் கேசவமூர்த்தி அனுப்பிவைத்தார். "அதுக நம்ம முதல் குடித்தனக்காரங்க. பட்டினி போடலாமுங்களா?"

ஒருநாள் வெள்ளியங்கிரி சாப்பிட உட்கார்ந்து, ரசத்தைப் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னான்.

"ஒம்பது-பி நமக்கு, தமயந்தி. மூலை வீடு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எதை வச்சு?"

"அன்னூர்த் தோட்டத்துல என் பங்கை வித்து முடிச்சுட்டேன்."

"அது நறுமுகைக்குன்னு வச்சிருந்ததுங்க."

"இதுவும் அவளுக்குத்தான். தோட்டத்துல என்ன காத்து அடிக்குது?"

"ஏனுங்க, அங்க ஒன்னுமே இல்லீங்க."

"குட்டிக படுத்திருக்குதே."

"கண்ணு தெரியாம படுத்திருக்குதுங்க!"

வெள்ளியங்கிரி கை கழுவ எழுந்தான். "இந்த வீட்டுல நான் எதையாச்சும் மேல எடுத்துக் கொண்டுபோகப் பார்த்தா, நீ அதுக்கு அடியில ஒரு பள்ளத்தைக் காட்டுவ" என்றான். அன்னூர்த் தோட்டத்துக் கிணற்றடியில் மகள் கால் நனைத்து நின்ற நினைப்போடு அவள் அவன் தட்டை எடுத்தாள்.

சோனிக்குத்தான் முதலில் கண் திறந்தது. தமயந்தி அலசிய சேலையை மொட்டை மாடிக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே சின்னதாக ஒரு சத்தம் கேட்க, நிமிர்ந்து பார்த்தாள். மிளகு போல இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன. பிறந்ததிலிருந்து தனக்குச் சோறூட்டிய முகம் இதுதானா என்பது போல அது அவளைப் பார்த்தது. பிறகு எட்டி, தனக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தது. ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டது. கல்லைப் போட்டது போல நேராக வந்து ஈரச் சேலையின் நடுவில் விழுந்தது. தமயந்தி அதை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். அதன் நெஞ்சு தையல் மிஷின் ஊசி மாதிரி அடித்தது.

சாயங்காலம் சங்கக் கூட்டத்துக்கு அவள் குட்டியை மடியில் கட்டிக்கொண்டு போனாள்.

"கண்ணு திறந்துச்சு, கீழ பார்த்துச்சு, விழுந்துருச்சுங்க. மத்ததுக்கும் திறக்கப் போகுது. மொட்டை மாடி பூராவும் ஒரு வலை கட்டிருங்க. இல்லாட்டித் தூளியாவது."

கூட்டம் பதறிப்போயிற்று, குட்டி விழுந்ததற்காக அல்ல.

"அம்மணி, வலை கட்டினா என்ன அர்த்தம்? விழும்னு அர்த்தம்" என்றார் சுந்தரவடிவேல், பொறுமையாக, விரல் மடக்கி. "விழும்னா தரை இல்லைன்னு அர்த்தம். தரை இல்லைன்னா நாங்க வாங்கினது என்னங்க?"

"ஆனா இது விழுந்துச்சுங்களே."

"விழல" என்றார் பின்வரிசையிலிருந்து கேசவமூர்த்தி. "காலி பண்ணிட்டுப் போயிருக்குது. குடித்தனக்காரங்க வருவாங்க, போவாங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். மொட்டை மாடியில் வலை, தூளி, மெத்தை முதலிய எதையும் விரிப்பது மேல்மாடிகளின் மதிப்பைக் கெடுக்கும் செயல் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. ஆதரித்துக் கை தூக்கியவர்களில் வெள்ளியங்கிரியும் இருந்தான்.

தமயந்தி வீட்டுக்கு வந்து சேலைப் பெட்டியைத் திறந்து, கிழிந்தது, சாயம் போனது, பார்டர் மட்டும் நன்றாக இருந்தது என்று இருந்த சேலையையெல்லாம் எடுத்தாள். போதவில்லை. கல்யாணச் சேலையையும் எடுத்தாள். ஒன்றை ஒன்றோடு இரட்டை மடிப்பாகச் சேர்த்து, ஓரமெல்லாம் ஃபால்ஸ் துணி வைத்து அழுத்தித் தைத்து, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டித் தூணிலிருந்து எதிர்ச் சுவர்க் கம்பிகள் வரை நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டினாள். பந்தல் போல விரிந்த துணியைப் பார்த்து சங்கத்தார் ஓடிவந்தார்கள்.

"என்னம்மணி இது?"

"துணி காயப் போட்டிருக்கேனுங்க."

"எல்லாம் ஒன்னா தைச்சிருக்குதே?"

"கிளிப்பு பத்தலீங்க."

துணி காயப்போடக் கூடாது என்று எந்த விதியும் இல்லாததால் அவர்கள் திரும்பிப் போனார்கள். அடுத்தடுத்து மூன்று குட்டிகள் கண் திறந்து, எட்டிப் பார்த்து, அந்தத் துணியில் விழுந்தன. தமயந்தி ஒவ்வொன்றையும் துடைத்துப் பெட்டியில் ஜிலேபியிடம் விட்டாள். அவை அதன் பிறகு ஒரு செங்கல் உயரம்கூட ஏறவில்லை; தாயின் முதுகில் ஏறுவதற்கே யோசித்தன.

மேலே கடைசிக் குட்டி ஒன்று மட்டும், கண் திறக்காமல், ஒன்பதாவது மாடி முழுவதற்கும் சொந்தக்காரன் மாதிரி மல்லாந்து கிடந்தது. அதுவும் காலி செய்துவிட்டால் மாடிக்குச் சாட்சி இல்லாமல் போய்விடும் என்று கேசவமூர்த்தி அவசரப்பட்டார். வருகிற முகூர்த்தத்திலேயே எல்லா மேல்மாடிக்கும் சேர்த்து ஒரே புதுமனை புகுவிழா என்று அறிவித்தார். எல்லோர் சார்பாகவும் பால் செம்பு எடுத்து முன்னால் நிற்கிற பாக்கியம், மூலை வீட்டுக்காரர் என்பதால், வெள்ளியங்கிரிக்குக் கிடைத்தது. அவன் பட்டு வேட்டி கட்டினான். கம்பெனி மேனேஜர்களுக்கெல்லாம் தானே போய்ப் பத்திரிகை வைத்தான். மச்சானையும் கூப்பிட்டான்.

மொட்டை மாடியில் வாழைமரம் கட்டி, கோலம் போட்டு, நாதஸ்வரம் வைத்தார்கள். தமயந்தியின் துணிப்பந்தலை அவிழ்க்கச் சொன்னபோது அவள் அசையவில்லை. அப்புறம் வெயிலுக்கு நிழலாக இருக்கிறதென்று புரோகிதரே அதன் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டதால் தப்பித்தது. பசுவை லிஃப்டில் ஐந்தாவது மாடி வரை கொண்டுவந்து படியேற்றினார்கள். அது கடைசிப் படியில் நின்று, தலையைத் தூக்கி ஆகாயத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, சாணி போட்டுத் திரும்பி இறங்கிப் போயிற்று. நல்ல சகுனம் என்றார் புரோகிதர்.

"பால் செம்பை எடுத்துக்கோங்க. கண்ணை மூடி, குலதெய்வத்தை நெனச்சுக்கிட்டு, வலது காலை எடுத்து வைங்க."

கோலத்தில் கால் வைப்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்ட வெள்ளியங்கிரி, வலது காலைக் கோலத்துக்கு ஒரு முழம் மேலே வைத்தான். அங்கேயே ஊன்றினான். இடது காலை அதற்கு மேல் வைத்தான். செம்பில் பால் தளும்பாமல், படி ஏறுகிற மனிதனைப் போல லேசாக முன்னால் சாய்ந்து, துணிப்பந்தலைத் தாண்டி, தொட்டியைத் தாண்டி, ஏறத் தொடங்கினான். கூட்டம் கைதட்டியது. நாதஸ்வரக்காரர் சுருதி ஏற்றினார். "ஒரு வெட்டிச் செலவு மிச்சம், லிஃப்டே வேண்டாம் போல" என்று யாரோ சொன்னார்கள்.

தாம்பூலத் தட்டோடு தமயந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தமயந்தி!" மேலேயிருந்து அவன் குரல் வந்தது, சின்னப் பையன் குரல் மாதிரி. "காத்தப் பாரு! மச்சான் வீட்டுக் காத்தெல்லாம் இதுக்கிட்ட வராது!"

மச்சான் கீழே நின்று தன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"கால்ல என்னமோ மெத்துமெத்துங்குதே. குட்டிதான்! ஒம்பதாவது மாடிக்கு வந்துட்டேன், தமயந்தி!"

அவள் அடுக்களையிலிருந்து கூப்பிடுகிற குரலையே வரவழைத்துக்கொண்டு, "அதை எடுத்துச் சட்டைக்குள்ள விட்டுக்கோங்க. பசியா இருக்கும்" என்றாள்.

அவன் குனிந்து தடவி எடுத்துச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான். பிறகு நிமிர்ந்து கேட்டான். "கண்ணைத் திறந்து நம்ம வீட்டைப் பார்க்கட்டுமா?"

கீழே அத்தனை பேரும் "பாருங்க, பாருங்க" என்று கத்தினார்கள். தமயந்தி தட்டைக் கீழே போட்டாள். வெற்றிலையும் பழமும் உருண்டு ஓடின.

"திறந்துராதீங்க! பொண்டாட்டி இல்லாம ஆம்பளை மட்டும் முதல்ல வீட்டைப் பார்த்தா ஆகாதுங்க. கீழ வந்து என்னையும் கூட்டிட்டுப் போங்க."

இருபத்தைந்து வருஷத்தில் அவள் அவனிடம் எங்கேயும் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டதில்லை. சினிமாவுக்குக் கூப்பிட்டால் தையல் இருக்கிறது என்பாள், ஊட்டிக்குக் கூப்பிட்டால் காஸ் சிலிண்டரை யார் பார்ப்பது என்பாள்.

"நெசமாவா கேக்கற?"

"நெசமாத்தானுங்க. கண்ணை மூடியே வாங்க. ரெண்டு பேரும் ஒன்னாத் திறந்து பார்க்கலாம்."

அவன் திரும்பினான். ஒரு காலைக் கீழே நீட்டித் துழாவினான், படி கிடைக்கவில்லை. குட்டிகளுக்குத் தெரியாத அந்த ஒன்று அவனுக்கும் தெரியவில்லை என்று தமயந்திக்குப் புரிந்தது. அவள் பேச ஆரம்பித்தாள். எதைப் பற்றி என்று யோசிக்கக்கூட இல்லை. வாய்க்கு வந்ததைப் பேசினாள்.

"அதுக்கு முன்ன, சமையக்கட்டு எந்தப் பக்கமுன்னு சொல்லுங்க. கெழக்கால இருக்கட்டும், காலையில வெயில் வந்தாத்தான் எனக்கு ஆகும். அங்க ஒரு படி வருதுங்க, இறங்குங்க. ஆங். கிரைண்டரைச் சன்னல் ஓரமா வைக்காதீங்க, தூசி விழும். அடுத்த படி. நறுமுகை ரூமுக்குப் பச்சைத் திரை போடலாம், அவளுக்குப் பச்சைதானே புடிக்கும். கைப்புடிச் சுவரைப் புடிச்சுக்கோங்க, உங்க வலது பக்கம் இருக்குது பாருங்க."

அவன் வலது கையை நீட்டினான், பிடித்துக்கொண்டான், இறங்கினான். அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு படியாக வந்தது. தையல் மிஷினுக்கு ஒரு மூலை வைத்தாள், குளியலறையில் வென்னீர்க் குழாய் வைத்தாள், ஹாலில் ஊஞ்சல் மாட்டினாள், பூஜை அலமாரிக் கதவில் மணி கட்டினாள். நம்பாத வீட்டை அவள் அவ்வளவு நேர்த்தியாகக் கட்டிக்கொண்டே வந்தாள். கீழே நின்றவர்கள் தங்கள் தங்கள் வீட்டையும் அப்படி யாராவது சொல்ல மாட்டார்களா என்று வாய் பிளந்து கேட்டார்கள். எட்டாவது மாடி தாண்டிற்று. ஏழாவது தாண்டிற்று. துணிப்பந்தலுக்கு மேலே, இன்னும் ஒரு மாடி உயரம்தான் பாக்கி. அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அப்போது கேசவமூர்த்தி கூட்டிவந்திருந்த படம் எடுப்பவர், நல்ல கோணம் கிடைத்த சந்தோஷத்தில், "சார், அப்படியே கண்ணைத் திறந்து ஒரு சிரிப்பு!" என்று கூவினார்.

படம் எடுப்பவர் சொன்னால் திறக்காதவர் யார்? வெள்ளியங்கிரி கண்ணைத் திறந்தான். முதலில் கேமராவைப் பார்த்தான். அப்புறம் தமயந்தியின் முகத்தைப் பார்த்தான். அதில் இருந்ததைப் பார்த்த பிறகுதான் தன் காலைப் பார்த்தான்.

செம்பு முதலில் வந்தது, பால் அதற்குப் பின்னால் வெள்ளையாக நீண்டு வந்தது, பிறகு அவன் வந்தான். துணி அவனை வாங்கிக்கொண்டு தரை வரை தாழ்ந்தது. மேல் மடிப்பில் இருந்த கல்யாணச் சேலை படீரென்று கிழிந்தது. அடி மடிப்பில் இருந்த பழைய பருத்தி வாயில் சேலை தாங்கிற்று. ஒரு தூணில் கயிறு அறுந்ததில் அவன் சரிந்து சிமெண்டில் உருண்டு, கணுக்கால் முறிந்தது. தமயந்தி ஓடிப்போய் அவன் சட்டைப் பொத்தானை அவிழ்த்தாள். உள்ளே கடைசிக் குட்டி அப்போதுதான் கண்ணைத் திறந்திருந்தது. அவன் நெஞ்சை மட்டும் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றும் இல்லை என்று கண்டு, மறுபடி தூங்கிற்று.

கூட்டத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள்.

"துணி கட்டி வச்சிருந்ததாலதான் விழுந்தாரு. கீழ துணியைப் பார்த்தா யாருக்குத்தான் விழத் தோணாது?" என்றார் சுந்தரவடிவேல்.

"கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்கன்னு தெளிவாப் போட்டிருக்கோம்" என்றார் கேசவமூர்த்தி. "திறந்தா கம்பெனி பொறுப்பில்லீங்க."

விருந்துச் சாப்பாடு ஆறுவதற்குள் எல்லோரும் பந்திக்குப் போனார்கள்.

வெள்ளியங்கிரி காலில் கட்டோடு ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்தான். பக்கத்தில் குட்டிகளின் பெட்டி. தோட்டம் கைமாறியது மாறியதுதான். கேசவமூர்த்தியின் ஆபீஸில் போன் எடுப்பவர்கள் ஐயா மேல்மாடி வேலையாகப் போயிருக்கிறார் என்றார்கள். ஒரு மத்தியானம், குட்டி ஒன்று அவன் உள்ளங்கையில் சுருண்டிருக்க, அவன் சொன்னான்.

"தமயந்தி, அந்த வீட்டுல கெழக்கால சன்னல் இருந்துச்சு. நீ சொன்னப்ப வெயில் என் முகத்துல பட்டுச்சு."

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"நறுமுகைகிட்ட என்ன சொல்லுவ?"

"அப்பா ஒருதரம் என்னை மேல கூட்டிட்டுப் போறேன்னு திரும்பி வந்தாருன்னு சொல்லுவேன்."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கிற்று. அவள் எழுந்து போய்க் கட்டுப் போட்ட காலுக்கு அடியில் இன்னொரு தலையணை வைத்தாள்.

கட்டடம் தன் வழக்கப்படி சமாளித்துக்கொண்டது. மேல்மாடி வீடுகளுக்கு மாதாமாதம் பராமரிப்புத் தொகை வசூலானது. மொட்டை மாடிக் கதவில் "இங்கிருந்து கீழே பார்க்கக் கூடாது" என்று பலகை மாட்டினார்கள். ஒன்பதாவது மாடியில் உயிர் இருப்பதற்குச் சாட்சியாக நாலு பொம்மைக் கீரிகளைப் பலூனில் கட்டிப் பறக்கவிட்டார் கேசவமூர்த்தி.

பிறகு ஒருநாள் காலையில் சுந்தரவடிவேல் வந்து கதவைத் தட்டினார். தடையை மீறித் துணி கட்டியதற்குச் சங்கத்தின் கண்டனம் என்று உரக்க, எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார். சொல்லி முடித்ததும் போகவில்லை. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார்.

"அம்மணி, எட்டு-ஏ எங்க வருதுன்னு தெரியுமுங்களா? தொட்டிக்கு எடது கை பக்கம். உங்க துணி அங்க வரைக்கும் எட்டல."

"சேலை பத்தலீங்க."

"வீட்டுக்காரிகிட்டப் பழைய பட்டு இருக்குது. கெட்டிப் பட்டு" என்று ரகசியமாகச் சொல்லிவிட்டு, கக்கத்தில் இடுக்கி வந்திருந்த மூட்டையைக் கதவோரம் வைத்து, வேகமாகப் படியிறங்கினார்.

அடுத்த நாள் இரண்டு பை இருந்தது. அதற்கடுத்த நாள் கதவைத் திறக்க முடியாதபடி இருந்தது. பெயர் எதிலும் இல்லை. ஏழு-சி, ஆறு-டி, ஒன்பது-ஏ என்று எண் மட்டும் எழுதிக் குண்டூசி குத்தியிருந்தது. தமயந்தி ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தாள், நைந்ததை ஒதுக்கினாள், கெட்டியானதை மடித்து அடுக்கினாள். அப்புறம் மிஷினுக்கு எண்ணெய் விட்டு, முதல் சேலையை ஊசிக்குக் கீழே தள்ளினாள்.